உள்ளடக்கிய நகரம்

ஒரே ஒரு சொல்லை வைத்து ஒரு ஊரைக் கெடுக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். நான் கெடுத்திருக்கிறேன். அதுவும் சந்திப்பிழை ஒன்றுகூட இல்லாமல்.

உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழாசிரியை. தனியார் பள்ளியில் தமிழாசிரியைக்கு என்ன மரியாதை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுவிழாவுக்கு வரவேற்பு மடல் எழுதுவது, கரும்பலகையில் தினம் ஒரு குறள் மாற்றுவது, பரீட்சை நெருங்கினால் நம் பாடவேளையைக் கணக்கு டீச்சருக்குத் தாரை வார்ப்பது, அவ்வளவுதான். ஆகவே சென்னையிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, "மேம், உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டோம்" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னது யார் என்று பிறகு தெரிந்தது. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே நகல் எடுக்க வந்தவர்கள் இந்த ஊரில் நல்ல தமிழ் யாருக்குத் தெரியும் என்று கேட்க, "எங்க வூட்ல ஒண்ணு கீது, வேலை கம்மி" என்று சொல்லியிருக்கிறார்.

போன் செய்தவர் ஒரு ஆலோசனை நிறுவனத்தின் தலைவி. அங்கே எல்லாரும் மேடம் என்று அழைத்ததால் நானும் அப்படியே சொல்கிறேன். நகரங்களைத் திருத்துவது அவர்கள் தொழில். உலகமயமான காலத்தில் நியாயமும் நிலைபேறும் உள்ள நகரங்களை எழுப்புவது என்பது திட்டத்தின் பெயர். திட்டத்தை எழுதியவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள் என்றும், மக்கள் குரலைக் கேட்காமல் அவர்கள் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த மாட்டார்கள் என்றும் மேடம் சொன்னார்.

"நகரம் எங்கே மேடம் இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. மாடு நின்றால் வண்டி நிற்கும், மாடு போனால் வண்டி போகும்.

"இங்கதான் மேம் வரப்போகுது" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அறிகுறிகள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. நெல் விளைந்த இடத்தில் மஞ்சள் பூசிய மனைக்கல் முளைத்துக்கொண்டிருந்தது. ரோட்டோரம் ஒரு பெரிய வளைவு கட்டி, ஏதோ வெளிநாட்டு ஊரின் பெயரை எழுதி, பின்னால் 'அவென்யூ' என்று சேர்த்திருந்தார்கள். வளைவுக்குப் பின்னால் வீடு இல்லை, நான்கைந்து ஆடுகள் மட்டும் மேயும். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வந்து வயசுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் பிள்ளைகள் பாகம் சேர்த்துப் பூட்டும் கார்கள் உலகமெல்லாம் ஓடுகின்றன. அவர்கள் வீட்டுக்குப் போகும் மினி பஸ் மட்டும் மழை பெய்தால் வராது.

மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்காக மேடம் அனுப்பிய நோட்டீஸ் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அதைத் தமிழாக்குவதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். 'ஸ்டேக்ஹோல்டர்' என்பதற்குப் பங்குதாரர் என்று போட்டேன். 'ஸ்மார்ட் சிட்டி'க்கு அறிவார்ந்த நகரம். 'இன்க்ளூசிவ் சிட்டி' என்று ஒன்று இருந்தது. யாரையும் வெளியே தள்ளாமல் ஏழைக்கும் இடம் கொடுக்கிற நகரம் என்று அதற்கு மேடம் விளக்கம் சொன்னார். அதற்கு மட்டும் இரண்டு நாள் யோசித்து, கடைசியில் 'உள்ளடக்கிய நகரம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எல்லாருக்குமான ஊர்னு போட்டா போதாதா?" என்றார்.

"அது டீக்கடை போர்டு மாதிரி இருக்கும்" என்றேன். அவர் ஜெராக்ஸ் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மனுஷன் சொன்னதை அன்றைக்கு ஒரு நிமிஷம் காதில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் கோயில் கோபுரம், கோபுரத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் ஏரியைக் குறுக்கே தாண்டிப் போகிற ஒரு ரயில். ரயிலைப் பார்த்ததும் பலருக்குச் சந்தோஷம். எந்த வருஷம் வரும் என்று மேடத்தையே கேட்டார்கள். அது வெறும் படம் என்று அவர் சொன்னதும் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது. மீதிப் பேர் பிரியாணிக்காக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பட்டா நகல், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். பங்குதாரர் கூட்டம் என்று நோட்டீசில் பார்த்தாராம்.

"எங்க அண்ணன் இன்னும் பங்கு பிரிச்சுக் குடுக்கல. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார் என்னிடம்.

இது அந்தப் பங்கு இல்லை என்று அவருக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்போதாவது என் தமிழைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குத்தான் தமிழ் போதவில்லை என்று நினைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். காலையில் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கல்வெட்டைக் காட்டினோம். பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்துச் சபைக்கு ஆள் சேர்த்த விதிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார். விருந்தாளி சுவரைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். நிலமும் சொந்த மனையும் இருப்பவன் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போக முடியும் என்றும் அதே சுவரில் எழுதியிருக்கிறது. கலங்கிய கண்ணை ஏன் துடைப்பானேன் என்று அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்தக் குடத்தின் நினைவாக மண்டபத்தில் மூன்று குடங்கள் வைத்திருந்தார்கள். வாயில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, கழுத்தில் ஆளுக்கொரு அட்டை: பசுமை நகரம், அறிவார்ந்த நகரம், உள்ளடக்கிய நகரம். எந்த நகரம் வேண்டுமோ அந்தக் குடத்தில் ஓலை போட வேண்டும். பனை மரம் நிறைந்த தாலுகாவுக்கு ஓலை ஆன்லைனில் வந்து இறங்கியிருந்தது, பிளாஸ்டிக் உறையோடு. ஓலை போட்டவர்களுக்குத்தான் சாப்பாட்டு டோக்கன்.

அறிவார்ந்த நகரத்துக்கு அவ்வளவாக ஆதரவு இல்லை. "அப்ப இப்ப கீறவன்லாம் முட்டாளா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு ஓலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கீரைக்காரம்மா வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஊர் அவருக்கு. காலையில் எங்கள் தெருவில் கீரை விற்பார். கீரை முடிந்ததும் ஏரி வேலைக்குப் போவார். நூறு நாள் வேலைக்கு எங்கள் பக்கம் ஏரி வேலை என்றுதான் பெயர். ஐம்பது தாண்டியவர், முட்டி வலி வேறு. கம்பெனி பஸ் அவரை ஏற்றிக்கொள்ளாது. அவருக்கு அந்த வேலைதான் ஆதாரம். வேலை அட்டையைப் பால் கவரில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். அன்றைக்கு அவர் பின்னால் அந்த ஊர்ப் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். 'கிராமப்புறப் பெண்கள்' இல்லாமல் கூட்டம் நடந்தால் அறிக்கை நிற்காது என்று வேனில் அழைத்து வந்திருந்தார்கள்.

முதலில் அவரிடம், உங்கள் கனவு நகரத்தில் என்ன இருக்க வேண்டும் என்று மேடம் மைக்கை நீட்டினார்.

கீரைக்காரம்மா யோசிக்கவே இல்லை. "பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குத் தாப்பா போடுங்கோ. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் புடிச்சிக்கினு நிக்கணும். தனியா வந்தா இன்னா பண்றது?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. விருந்தாளி என் முகத்தைப் பார்த்தார். ஒரு தாழ்ப்பாளுக்காகவா இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தார் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. துப்புரவுக் கட்டமைப்பில் பெண்களின் பாதுகாப்பு உறுதி செய்யப்பட வேண்டும் என்று கீரைக்காரம்மா விரும்புவதாக ஆங்கிலத்தில் சொன்னேன். விருந்தாளி தலையாட்டி எழுதிக்கொண்டார். தாழ்ப்பாள் அங்கேயே காணாமல் போயிற்று.

பிறகு குடங்களிடம் வந்தார்கள். கீரைக்காரம்மா என் கையைப் பிடித்தார்.

"டீச்சரம்மா, இதுல இன்னா எய்திகீது?"

"உள்ளடக்கிய நகரம்."

"உள்ள அடக்கிட்டு இன்னா பண்ணுவாங்கோ?"

"அடக்குறது இல்லம்மா. எல்லாரையும் சேர்த்துக்கிறது. யாரையும் வெளியில விடாம."

"எங்க ஊரையுமா?"

"உங்களையும் சேர்த்துத்தான்."

அவர் ஓலையைக் குடத்தருகே கொண்டுபோய் நிறுத்தினார். "டவுனோட சேத்துட்டா ஏரி வேல கெடையாதுன்னு பேசிக்கிறாங்கோ. அந்தச் சேக்கறதா இது?"

நேரான கேள்வி. இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. கிராமத்துக்குத்தான் அந்த வேலை, நகரத்தோடு சேர்ந்த ஊருக்குக் கிடையாது என்பது எனக்கும் தெரியும். மேடத்தைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் வரிசை நின்றது, பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள், எனக்குப் பசி. அதோடு என் சொல்லை ஒரு கீரைக்காரம்மா சந்தேகப்படுவதா என்ற கோபம் வேறு.

"அது வேற, இது வேற. போடும்மா" என்றேன்.

போட்டார். டீச்சரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் பின்னாலேயே முப்பது பேரும் போட்டார்கள். உள்ளடக்கிய நகரம் ஜெயித்தது. விருந்தாளி கைதட்டினார். கீரைக்காரம்மா ஓலையும் கையுமாக நிற்பதை நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார்கள். என் சொல் ஜெயித்ததில் எனக்கு அன்றைக்குப் பிரியாணியில் இரண்டு துண்டு அதிகமாகவே இறங்கியது.

ஐந்தாறு மாதம் கழித்து அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் கீரைக்காரம்மா. அவர் மூக்குத்திகூடப் பளிச்சென்று விழுந்திருந்தது. தமிழாக்கம் வேண்டும் என்று எனக்கே அனுப்பியிருந்தார்கள். தாழ்ப்பாளைத் தேடினேன். 'பாலின உணர்வுள்ள துப்புரவுச் சூழல்' என்று தமிழில் நான் எழுத வேண்டிய ஒரு வரிக்குள் அது போய்ச் சேர்ந்திருந்தது. ஓர் அத்தியாயம் முழுக்கக் கல்வெட்டு. அதைத் தாண்டி, படத்துக்குக் கீழே, ஏரியைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் நகர எல்லைக்குள் சேர்க்கப்படுவதற்குப் பெருவாரியாக விருப்பம் தெரிவித்தன என்று இருந்தது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் 'இன்க்ளூஷன்'.

மூன்று முறை படித்தேன். உடனே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், அவங்க டவுனோட சேரக் கேக்கல. ஏழைக்கும் இடம் இருக்கிற ஊர் வேணும்னுதான் ஓலை போட்டாங்க. டவுனோட சேர்ந்தா அவங்களுக்கு வேலை போயிடும்."

"மேம், டேட்டா க்ளியரா இருக்கு. இன்க்ளூஷன்தானே கேட்டாங்க? உள்ளடக்கம்னு நீங்கதானே தமிழ்ல போட்டீங்க? ரொம்ப அழகான வேர்ட் மேம் அது." அப்புறம் ஆறுதலாக, "இது வெறும் ரெக்கமண்டேஷன்தான், ஒண்ணும் ஆகாது" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. என் வாய்க்கு ஒரு ஊரே பலியாகப் போகிறதே என்று பயமாக இருந்தது. அறிக்கையைத் தமிழாக்க முடியாது என்று திருப்பி அனுப்பினேன். வேறு யாரோ செய்துகொடுத்தார்கள். அவர்கள் தமிழ் என் தமிழைவிட நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெறும் பரிந்துரை அடுத்த கோடைக்குள் அரசாங்கத்தின் வரைவு அறிவிப்பாக வந்தது. டவுனோடு சேர்க்க உத்தேசித்த ஊர்களின் பட்டியலில் கீரைக்காரம்மாவின் ஊரும் இருந்தது. ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அடியில் ஒரு வரி.

மறுநாள் காலையில் அவர் கூடையை இறக்கியதும் விஷயத்தைச் சொன்னேன். என் சொல்லால் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் அரைக்கீரைக் கட்டை உதறித் தண்ணீரை வடித்தார்.

"நீதானே டீச்சரம்மா சொன்ன, அது வேற, இது வேறன்னு."

அவ்வளவுதான். இரண்டு கட்டுக் கீரையைக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். கறிவேப்பிலை கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் இத்தனை வருஷமாக, கீரை வாங்கினால் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கொசுறாகப் போடாமல் அவர் போனதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டார். எனக்குப் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே அவர் ஊருக்குப் போனேன். மனு எழுதித் தருகிறேன் என்று நான்கு பக்கத்துக்கு யோசித்து வைத்திருந்தேன். 'வாழ்வாதாரம்', 'புறந்தள்ளப்பட்ட' என்றெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. வேப்ப மரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். பேனாவைத் திறந்ததும் கீரைக்காரம்மா என் கையை அமுக்கினார்.

"நீ ஒண்ணும் சொந்தமாப் போடாத. நான் சொல்றத மட்டும் எய்து."

சொன்னார். எழுதினேன்.

"எங்களுக்கு ஏரி வேல ஓணும். டவுனு வாணாம். நாங்க ஓல போட்டது சோத்துக்கும் டீச்சரம்மா பேச்சுக்கும், டவுனுக்கு இல்ல. கக்கூஸுக்குத் தாப்பா இன்னும் போடல."

எழுத்துத் தமிழுக்கு மாற்றவா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. 'டீச்சரம்மா பேச்சுக்கும்' என்று என் கையாலேயே எழுதினேன். முப்பது பேரும் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் மூன்று நகல் எடுத்தார். படித்துவிட்டு, "நீ எழுதினதிலேயே இதுதான் புரியுது" என்றார். தாலுகா ஆபீசில் கொடுத்து முத்திரை போட்ட ரசீதை வாங்கிவந்தோம். எனக்கு நம்பிக்கை இருந்தது. நாலு வரியை யாரால் தப்பாகப் படிக்க முடியும்?

பதில் வர அதிக நாள் ஆகவில்லை. தபால்காரர் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டு கீரைக்காரம்மா என் வாசலுக்கு வந்தார். கூடையை இறக்காமல், தலையில் வைத்தபடியே நீட்டினார்.

"படி டீச்சரம்மா."

படித்தேன். தங்கள் மனு பெறப்பட்டது. தங்கள் ஊர் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டு இறுதி அறிவிப்பு வெளியிடப்பட்டுள்ளது. தங்கள் ஆட்சேபணையும் உரிய முறையில் இறுதி அறிக்கையில் உள்ளடக்கப்பட்டுள்ளது.

கடைசிச் சொல்லை மறுபடி பார்த்தேன். நான் பெற்ற பிள்ளையைப்போல அது அங்கே உட்கார்ந்திருந்தது, சந்திப்பிழை இல்லாமல்.

"இன்னா பண்ணிகீறாங்கோ?"

"உங்க மனுவையும் உள்ளடக்கிட்டாங்கம்மா."

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். இடுப்பிலிருந்து பால் கவரை எடுத்து, வேலை அட்டையோடு சேர்த்து வைத்துச் சுற்றினார்.

"அடக்கம் பண்ணிட்டாங்கோ. பால் ஊத்தறது எப்பன்னு எய்திகீதா, பாரு."

அப்படி எதுவும் எழுதவில்லை என்றேன். சரி என்று கூடையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அவர் என்னிடம் கீரை வேண்டுமா என்று கேட்கவில்லை.